வலது கால்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசைக்குப் பன்னிரண்டு ஏழைகளைத் தேர்ந்தெடுப்பது எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவையின் வேலை. எழுபதுகளின் கடைசியில் நான் அதன் செயலாளர். பகலில் அரசு அலுவலகமொன்றில் தலைமை எழுத்தர். ஏழையாக இருந்தால் மட்டும் போதாது. தவறாமல் பூசைக்கு வர வேண்டும், குடிக்கக் கூடாது, கால் பார்க்கும்படி இருக்க வேண்டும். இயேசு தம் பன்னிரண்டு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் எல்லோர் முன்னிலையிலும் அந்த வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். அதனால் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள்.

அந்த வருடம் நெல்லித்தோப்பிலிருந்து ஒரு நெசவாலைத் தொழிலாளியின் பெயரை நான் சொன்னேன். ஆலைக்குள் பாவு நூல் சுற்றிய கனத்த உருளை விழுந்து அவருடைய வலது கால் விரல்கள் நசுங்கிவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்தார்கள். ஆலையில் அவரையே எடுத்துவிட்டார்கள். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். ஆலையோ, அவர் சைக்கிளில் போகும்போது சாலையில் விழுந்தார் என்று சாதித்தது. அவருக்கான மனுவை நான்தான் எழுதினேன். பிரிவுகளெல்லாம் சரியாக இருந்தன, சாட்சிதான் இல்லை. கூட வேலை செய்த இருவர் தினக்கூலிகள். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தவர் மேஸ்திரி. அடிபட்டவரைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி ரிக்‌ஷாவில் ஏற்றியவர். எங்கள் பங்குக்காரர்தான். வருடந்தோறும் பன்னிரண்டு பேருக்கும் புது வேட்டி எடுத்துக் கொடுப்பவரும் அவரே. நல்ல மனிதர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

பூசைக்கு முன் பன்னிரண்டு பேரும் நாற்காலிகளில் உட்காரும்போது வழக்கமான தகராறு.

“கடைசி நாற்காலி எனக்கு வேணாம்பா. அது காட்டிக்குடுத்த யூதாஸ் சீட்டு.”

“ஒக்காருய்யா. முப்பது வெள்ளிக்காசு குடுத்தா நானே ஒக்காருவேன்.”

கடைசியில் நெல்லித்தோப்புக்காரர் போய் அதில் உட்கார்ந்தார். பூசைக்கு எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை குனிந்து அவரிடம் சொன்னார்: “நீ மட்டும் எடது கால நீட்டிக்க. சாமிக்கு சங்கடமா இருக்கும்.”

சாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு வந்தார். வேட்டி கொடுக்கிறவருக்கு மரியாதையாகத் தாம்பாளம் பிடிக்கும் பொறுப்பு உண்டு. மேஸ்திரி பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கடைசி நாற்காலிக்கு வந்ததும் நெல்லித்தோப்புக்காரர் வலது காலையே நீட்டினார். விரல்கள் இருந்த இடத்தில் தோல் இன்னும் சிவந்து மினுங்கியது. சாமியார் ஒரு கணம் தயங்கினார், பிறகு கழுவினார். முத்தமிட்டார். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. மேஸ்திரி தாம்பாளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து தாழ்வாரத்தில் வேட்டி கொடுக்கும்போது நெல்லித்தோப்புக்காரர் கை நீட்டவில்லை.

“வேட்டி வேணாங்க மேஸ்திரி. நீங்கதான என்னத் தூக்கினு போயி ரிக்‌ஷாவுல போட்டீங்க? அத மட்டும் வந்து சொல்லுங்க.”

“கோயில்ல நின்னுகினு ஆலை விஷயம் பேசாதப்பா.”

“ஆலையில பேசலாம்னா கேட்டுக்குள்ளயே வுட மாட்றாங்களே.”

சாமியார் அவர் தோளைத் தொட்டு, மேஸ்திரி அவருக்கு எவ்வளவு செய்கிறார் என்பதை நினைத்துப் பார்க்கச் சொன்னார். “தோத்திரம் சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நொண்டிக்கொண்டு படியிறங்கினார்.

மேஸ்திரி என்னை ஓரமாக அழைத்துப் போனார். “நான் சாட்சி சொன்னா அன்னைக்கே என்ன வூட்டுக்கு அனுப்பிடுவான் சார். அப்புறம் இவன் குடும்பத்துக்கு அரிசி யாரு குடுக்கறது?”

“அவருக்கு இழப்பீடு வந்தா, உங்க அரிசி தேவைப்படாதே” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அப்படியொரு கோணம் இருப்பது அவருக்கு உண்மையிலேயே தோன்றியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

விசாரணை ஈஸ்டருக்குப் பிறகு வந்தது. மேஸ்திரி வந்தார், ஆலையின் சாட்சியாக. சத்தியம் செய்துவிட்டு, அந்த நேரத்தில் தான் டீ குடிக்கப் போயிருந்ததாகச் சொன்னார். நெல்லித்தோப்புக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் கேட்டார்: “அடுத்து எங்க சார் போறது?”

மேல்முறையீடு உண்டு. ஆனால் சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் டீ குடிக்கப் போனாரா இல்லையா என்பது சட்டக் கேள்வி ஆகாது. இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

அந்த வாரமே மேஸ்திரி நெல்லித்தோப்புக்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். வழக்கமாக வருவதைவிடப் பெரிய மூட்டை. அவர் மனைவி அதைத் திருப்பி அனுப்பவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

“அன்னைக்கு அவரு மட்டும் சாப்புடல சார்” என்று என்னிடம் சொன்னாள். “மறுநாளு சாப்ட்டாரு.”