வீரபாண்டியின் ஹெல்மெட்

வீரபாண்டி வீட்டு ஆம்பளைகளுக்கு முப்பது வயதைத் தாண்டித் தலையில் முடி தங்கியதாகச் சரித்திரமே இல்லை. தாத்தா கருமலையான் முண்டாசோடுதான் பிறந்தார் என்று ஊர்ப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தன. பெரியப்பா ஊர்க்காவல் படையில் போய்ச் சேர்ந்தது தொப்பிக்காகத்தான் என்று பெரியம்மாவே சொல்லுவாள். சின்னத் தாத்தா ஒருவர் ரோசக்காரர். காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் வைத்து, மண்டைக்கு மேலே ஏற்றி மறு காதுப் பக்கம் ஒட்டவைப்பார். ஆடி மாதக் காற்று முடிகிறவரை வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். தகப்பன் அம்மையப்பனுக்குத் துண்டு. காலையில் தலைப்பாகையாக இறுக்கிக் கட்டினால் படுக்கப் போகும்போதுதான் அவிழ்ப்பார். மகன் கல்யாணத்துக்குப் பூ வைக்கப் போன அன்றைக்கும் புதுத் துண்டில் அப்படித்தான் போயிருந்தார்.

இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, தனக்கு முடி கொட்டியபோது வீரபாண்டி பழியைத் தண்ணீர் மேல் போட்டான்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து கத்தாருக்குப் போய், ராஸ் லஃபான் கேஸ் பிளாண்ட்டில் சாரம் கட்டுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கேம்பில் குளிக்க வருவது கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த தண்ணீர். அதுதான் வேரை அரிக்கிறது என்று ரூமில் எல்லாருக்கும் ஒரே முடிவு. குடிக்கிற பாட்டில் தண்ணீரை வாங்கித் தலைக்கு ஊற்றிப் பார்த்தான். கொட்டியது. பிறகு பழி ஹெல்மெட்டுக்குப் போனது. அடியில் கைக்குட்டை வைத்துப் பார்த்தான். அதற்கும் கொட்டியது. கடைசியில் சின்ன வெங்காயத்தை அரைத்து, சாறு பிழிந்து தேய்த்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தான். மேல் கட்டிலில் படுக்கிற அருள்முருகன், சாயல்குடிக்காரன், வாய்த் துடுக்கு.

"மாப்ள, அப்படியே ரெண்டு தக்காளியும் போட்டு வதக்கிருடா. காலையில கொழம்புக்கு அலைய வேண்டாம்."

வீரபாண்டிக்கு இது விளையாட்டில்லை. காரணம் கமுதியில் இருந்தது. பானுப்பிரியா என்று பெயர். ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. தரகர் கையில் வீரபாண்டியின் பழைய போட்டோவைக் கொடுத்துவிட்டது அவன் அம்மா வடிவு. அதில் முடி காடாகக் கிடந்தது. பெண்ணின் தாய் ராக்கம்மா அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் சரியென்று சொன்னாள். மாப்பிள்ளை வராமலே பூவும் வைத்தாயிற்று. தை மாதம் கல்யாணம், அதற்குத்தான் லீவு. இதெல்லாம் முடிந்த பிறகு வடிவு போனில் ஒரு சங்கதியை மெல்ல அவிழ்த்தாள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் வந்த மாப்பிள்ளை, வாத்தியார் உத்தியோகம், நல்ல குடும்பம். முன்மண்டை காலி என்று ராக்கம்மா காபியோடு திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

அன்றைக்கு வீரபாண்டி சோறு தின்னவில்லை. பானுப்பிரியாவோடு போனில் பேசப் பேச அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. அந்த வாத்தியார் குடித்த காபி தன் தொண்டையிலும் இறங்குவது போலிருந்தது.

முதலில் ஒரு கறுப்புப் பொடி வாங்கினான். மண்டையில் தூவினால் தூரத்துக்கு முடி மாதிரித் தெரியும். ஏசி ரூமில் தெரியவும் தெரிந்தது. ஆனால் அது ஆகஸ்ட் மாதம். புழுக்கத்தில் சாரத்தின் மேலே நின்றவனுக்கு நெற்றியிலிருந்து கறுப்பாக ஒழுக ஆரம்பித்தது. கீழே நின்ற சேப்டி ஆபீசர் ஐதராபாத்காரர். கேஸ் பிளாண்ட்டில் ஒருவன் முகத்தில் கறுப்பாக ஏதோ வழிந்தால் அவர் என்ன நினைப்பார்? கெமிக்கல் பட்டுவிட்டது என்று கத்தி, இவனை இறக்கி, தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் அவசரத்துக்கென்று வைத்திருக்கிற ஷவரின் அடியில் நிறுத்திவிட்டார். "நஹி பாய், பவுடர் பாய்" என்று இவன் சொன்னது தண்ணீர்ச் சத்தத்தில் போய்விட்டது. எல்லாம் கழுவி முடிந்ததும் அவர் இவன் தலையைப் பார்த்தார். பிறகு தன் ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையைக் காட்டினார். அங்கேயும் அதே கதைதான். ரிப்போர்ட் எழுதாமல் விட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் ஹெல்மெட் யோசனை. வீடியோ காலுக்குப் பானுப்பிரியா வந்தால் வீரபாண்டி ஹெல்மெட்டோடு இருப்பான். டூட்டியில் இருக்கிறேன் என்பான். சைட்டுக்குள் போனே கொண்டுபோக விடமாட்டார்கள், அது கமுதிக்குத் தெரியாது. பிள்ளை எந்நேரமும் உழைக்கிறதே என்று ராக்கம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். வெள்ளிக்கிழமை லீவு நாளிலும், லுங்கி கட்டிக் கட்டிலில் உட்கார்ந்து, வார் போட்ட ஹெல்மெட்டோடு பேசினான். பின்னால் கொடியில் அருள்முருகன் பனியன் தொங்கியது.

பானுப்பிரியா ஒருநாள் கேட்டாள். "கட்டில்ல உக்காந்தாலும் மேல ஏதாச்சும் விழுமாங்க?"

கம்பெனி ரூல் என்றான். அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். அது சிரிப்பா சந்தேகமா என்று அவன் இரண்டு நாள் யோசித்தான்.

தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டோடு மணவறையில் உட்கார முடியாது. அருள்முருகன் யோசனை சொன்னான்: இப்போதே வழித்து மொட்டை போட்டுவிட்டால், லீவுக்குள் திக்காக முளைத்துவிடும். பிள்ளைகளுக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வருவதில்லையா?

கேம்ப் மெஸ்ஸில் சமைக்கிற கீழக்கரை கௌஸ் முகைதீன் பாய்தான் வெள்ளிக்கிழமைகளில் முடி வெட்டுவார். அவர் தலையைச் சுத்தமாக வழித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீசை ஒரு பக்கம் ஏறியிருக்கிறதே, சரிபண்ணுகிறேன் என்று கத்தியை வைத்தார். அந்த நேரம் பார்த்து மெஸ்ஸில் குக்கர் விசில் அடித்தது, பாய் திரும்பிப் பார்த்தார். பாதி மீசை போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் எடுத்தார்கள். பாய் மன்னிப்புக்குப் பதிலாக ஒரு வாரம் இரண்டு முட்டை அதிகமாக வைத்தார்.

மறுநாள் பஸ்ஸில் ஒரு புதுமை நடந்தது. சிவகங்கைக்காரர் ஒருவர், அதிகம் பேசாதவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து வீரபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். கேம்ப் வரும்வரை விடவில்லை. இறங்கும்போது "மனசத் தேத்திக்கப்பா, எல்லாருக்கும் ஒருநாள் உள்ளதுதான்" என்றார். முடி போனதற்கு இவ்வளவு அன்பா என்று வீரபாண்டிக்குக் கண் கலங்கியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்தது. வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எடுத்தான். ஹெல்மெட் மீசையை மறைக்காது என்பது போனை எடுத்த பிறகுதான் உறைத்தது. எதிரே பானுப்பிரியாவும் ராக்கம்மாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மா போனைக் கிட்டே இழுத்து அவன் உதட்டையே பார்த்தாள்.

"மாப்ள, அந்தத் தொப்பியக் கொஞ்சம் கழட்டுங்க."

குரலில் என்னவோ இருந்தது. மறுக்க முடியவில்லை. வாரை அவிழ்த்துக் கழற்றினான். ராக்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பானுப்பிரியா முகம் வெளுத்துவிட்டது. போன் கட்டாகிவிட்டது.

வீரபாண்டி திரும்பக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மொட்டை போட்டும் மண்டையின் வெறுமையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தான். வாத்தியாருக்கு ஒரு காபியாவது கிடைத்தது என்று அருள்முருகனிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். 

ராக்கம்மா நினைத்தது வேறு. அவளுடைய தம்பி ஒருவன் ஜித்தாவில் ஷரஃபியாவில் ஓட்டல் வேலை பார்த்தான். தாய் இறந்தபோது கபீல், அவனை வேலைக்கு எடுத்த அரபி முதலாளி, லீவு தரவில்லை. அவன் அங்கேயே தலையும் மீசையும் எடுத்து, அந்தக் கோலத்தில் ஒரு போட்டோ அனுப்பினான். தலையோடு மீசையும் எடுத்தால் கமுதிப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: பெற்றவர் யாரோ போய்விட்டார். வடிவு முந்தாநாள்தான் போனில் பேசினாள். அப்படியென்றால் போனது அம்மையப்பன். வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் வருசம் தள்ளிப்போகுமே என்று மூடி மறைக்கிறார்கள்.

துக்கத்தைப் போனில் கேட்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது, நேரில்தான் போகவேண்டும். விடிந்ததும் வேன் பிடித்து, பெரிய மாலையாக ஒன்று வாங்கி, சொந்தக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு ராக்கம்மா புறப்பட்டாள். அழவும் போகிறாள், முடித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டு உறவை அறுத்துக்கொள்ளவும் போகிறாள். தெருமுனையிலேயே இறங்கி, தோளில் கைபோட்டு, ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். "எங்க சம்மந்தியே, மச்சான் அம்மையப்பா" என்று வாசலுக்கு வந்தால், அம்மையப்பன் முற்றத்தில் குந்தித் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். துண்டு கொடியில் கிடந்தது. வெயில் அவர் மண்டையில் பட்டுப் பளபளத்தது.

அவர் மாலையைப் பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொல்லி அழுகிற பெண்களைப் பார்த்தார்.

"யாருக்கும்மா மாலை?"

 பாதியில் நின்ற ஒப்பாரியை எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ராக்கம்மா அவர் தலையைப் பார்த்தபடியே நின்றாள். முகம் மாறி மாறி வந்தது. கடைசியில் மாலையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்து வடிவு ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பனுக்குத் துண்டு, மகனுக்கு ஹெல்மெட்டாக்கும். நல்ல குடும்பம்."

வந்தது வந்தீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார் அம்மையப்பன். வேன் நிறைய வந்தவர்களுக்கு வடிவு உலை வைத்தாள். மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது. ஆட்டுக்குப் போட்டார்கள். உயிரோடிருக்கிறவர் மாலையைத் தின்ற ஆடு என்று அதற்கு ஊரில் பெயராகிவிட்டது.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தவனிடம் இவ்வளவையும் வடிவு போனில் சொல்லச் சொல்ல வீரபாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டான். சிவகங்கைக்காரர் கையைப் பிடித்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆனால் ஒன்று வடிவுக்கே தெரியவில்லை. ராக்கம்மா சிரித்தது சரி, முடிவு என்ன என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. அதை எம்பொண்ணுதான் சொல்லணும் என்று எழுந்துபோய்விட்டாளாம்.

அன்று ராத்திரி பானுப்பிரியா கூப்பிட்டாள். ராக்கம்மா பக்கத்தில் இல்லை. வீரபாண்டியின் கை பழக்கத்தில் ஹெல்மெட்டுக்குப் போனது. அருள்முருகன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வெறும் தலையோடு போன் முன்னால் உட்கார்ந்தான்.

முடி முளைக்காது, குடும்பத்திலேயே இல்லை, போட்டோ பழசு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்ங்க. கட்டில்ல ஹெல்மெட் போட்டு உக்காந்திருக்கிற ஆளுக்கு வேற என்ன இருக்கப்போகுது? அப்பா செத்ததையே மறைக்கிற வீடோன்னுதான் நேத்து ராத்திரியெல்லாம் எனக்குக் கையும் காலும் ஓடல. அதுக்கு இந்தத் தல தேவலாம்."

"அத்தை என்ன சொன்னாக?"

"அம்மா வாத்தியார நெனச்சு வருத்தப்படுது." போனைக் கிட்டே கொண்டுவந்தாள். "தல எப்படியும் இருக்கட்டும். மீசையில்லாம வந்தா மாத்திரம் நான் மணவறைக்கு வரமாட்டேன். பார்க்கச் சகிக்கல."

அதற்குப் பிறகு வீரபாண்டி ஹெல்மெட்டைச் சைட்டில் மட்டும்தான் போட்டான். தலைக்கு ஒன்றும் தேய்க்கவில்லை. ஆனால் மறுநாள் ராத்திரி ரூமில் பழைய வெங்காய நாற்றம் எழுந்தது. அருள்முருகன் மேல் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான். வீரபாண்டி சின்னக் கண்ணாடியை முழங்காலில் வைத்துக்கொண்டு, மேலுதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.