வெயிலில் வைத்த கால்குலேட்டர்

உங்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்கிற இதே வாயால்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். அதனால் இந்தத் தடவை வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன். இந்தச் சாட்சியை இதற்கு முன் பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன். கேட்டவர்கள் ஆண்டவரைத் துதித்தார்கள். சிலர் அழுதார்கள். ஆனால் ஒரு தடவைகூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

எண்பத்தேழாம் வருஷம், ஏப்ரல் மாதம். மறுநாள் காலை தர்மபுரியில் எனக்கு பிசிக்ஸ் பிராக்டிகல் பரீட்சை. அதற்கு இருந்த ஒரே கால்குலேட்டர் என் கையில் செத்துப்போய்க் கிடந்தது. எண் தெரிகிற சின்ன ஜன்னல் முழுக்க மை கொட்டியது போலக் கறுத்திருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் வரவில்லை. என் படிப்பு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். நான் ஏழாவது படிக்கும்போதே அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். அம்மா தக்காளி மண்டியில் காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனார்கள். நல்ல காய் ஒரு கூடை, அடிபட்டது ஒரு கூடை. அந்த வேலையில்தான் நான் பி.எஸ்ஸி. வரை வந்தேன். எங்கள் தெருவில் காலேஜ் போன முதல் பெண் நான். அந்தத் திமிர் என்னிடம் நிறைய இருந்தது. கோபமும் வாயும் சின்ன வயதிலிருந்தே ஜாஸ்தி.

காலேஜில் சேர்ந்த வருஷமே கால்குலேட்டர் வாங்க வேண்டியிருந்தது. லாக் டேபிள் புத்தகம் பார்த்தும் கணக்குப் போடலாம் என்று எங்கள் மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. கால்குலேட்டர் இல்லாவிட்டால் பாஸ் பண்ண முடியாது என்று சொன்னேன். வகுப்பில் விஜயாவிடம் ஒன்று இருந்தது. அவளிடம் இருந்தது என்னிடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாட்சும் ரேடியோவும் விற்கிற கடை. கடைக்காரர் கண்ணாடி மேஜையில் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, புத்தகம் மாதிரித் திறக்கிற உறை போட்டது. என் கண் அதை விட்டு நகரவில்லை. இரண்டாவது சின்னது. அதை அவரே ஒதுக்கிவிட்டார். "இது மளிகைக் கடைக்குத்தாங்க ஆகும், பாப்பா படிப்புக்குப் பத்தாது" என்றார். மூன்றாவது பெயர் தெரியாத கம்பெனி. கறுப்பு நிறம். தலைப்பக்கம் ஒரு சின்ன கண்ணாடிப் பட்டை.

அம்மா ஒவ்வொன்றையும் தக்காளி பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் வெளிநாட்டுச் சரக்கைக் காட்டி, "இதுக்குப் பேட்டரி எங்கீங்க கெடைக்கும்?" என்று கேட்டார்கள்.

"தர்மபுரிக்குத்தாங்க வரணும். சில சமயம் பெங்களூர்ல இருந்து வரவழைக்கணும்."

"ஒருக்கா போட்டா எத்தன நாளு வரும்?"

"அது பாப்பா போடற கணக்கப் பொறுத்துங்க."

"இந்தக் கறுப்புக்கு?"

"இதுக்குப் பேட்டரியே கெடையாதுங்க. வெயில்லயே ஓடும்."

அம்மா சிரித்தார்கள். "வெயிலு எங்கூர்ல எப்பவும் கெடைக்கும். ஒருக்கா வாங்கினா அப்புறம் செலவு வெக்காதுல்ல? இதயே குடுங்க" என்றார்கள். இன்று பிள்ளைகள் படிப்புக்கு என்ன வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிற பெற்றோருக்கு நானும் இதையே கேட்கச் சொல்கிறேன். வாங்குகிற விலையை மட்டும் பார்க்காதீர்கள், வைத்துக்கொள்கிற செலவையும் பாருங்கள் என்று. அது அம்மாவின் புத்தி. என் புத்தி மாதிரிச் சொல்லிக்கொள்கிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன் அம்மா அந்தக் கால்குலேட்டர் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, கடைக்குள் நின்றபடியே சத்தமாக ஜெபம் செய்தார்கள். "ஆண்டவரே, இது எம் பொண்ணுக்கு நல்லபடியாத் தாங்கணும், பாத்துக்குங்க." அப்போது என் காலேஜ் பையன் ஒருவன் வாட்சுக்கு வார் மாற்ற உள்ளே வந்தான். நான் நகர்ந்து போய் வேறு அலமாரியைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். அம்மா கண் திறந்து என்னைத் தேடினார்கள். நான் திரும்பவில்லை.

ஒரு வருஷம் அந்தக் கால்குலேட்டர் ஒரு குறையும் வைக்கவில்லை. பரீட்சைக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் வீட்டுக் குண்டு பல்பின் மங்கல் வெளிச்சத்தில் எண் சரியாகத் தெரியவில்லை. "வெளிச்சம் பத்தல, ஓடவே மாட்டேங்குது" என்று எரிச்சலாகச் சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் சபைக் கட்டடத்துக்குப் படிக்கப் போனேன். அம்மா எனக்குச் சமைத்துப் போடவென்று மண்டிக்கு லீவு சொல்லியிருந்தார்கள். நான் பன்னிரண்டு மணிக்கு மேல் திரும்பி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறையில் புளி காயப் போட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு சில்வர் தட்டு. தட்டில் என் கால்குலேட்டர். பக்கத்தில் அம்மா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காக்கா கொத்தாமல் இருக்கக் கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து அந்த வெயிலில் அப்படியே காவல் இருந்திருக்கிறார்கள்.

நான் ஓடிப்போய் எடுத்தேன். கை சுட்டது. ஜன்னல் கறுத்துப் போயிருந்தது.

"ஐயோ, என்னாச்சு கண்ணு?" என்று அம்மா எழுந்தார்கள். "வெளிச்சம் பத்தலன்னு சொன்னியேன்னு வெச்சேன். நாளைக்கும் சேத்துத் தெம்பா வாங்கிக்கட்டும்னுதான்."

நான் ஒவ்வொரு தடவையும் சாட்சியில் விட்டுவிட்ட வார்த்தை இதுதான். என் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "தக்காளி பொறுக்கறவ தக்காளியோட நிறுத்திக்க வேண்டியதுதான? உன்ன யாரு இதத் தொடச் சொன்னா? எம் படிப்பயே கருக்கிட்ட."

அம்மா குச்சியைக் கீழே வைத்தார்கள். நான் உள்ளே போய்க் கால்குலேட்டரைக் கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்கால் போட்டேன். ஆண்டவரே, எங்கம்மா செய்த முட்டாள்தனத்துக்கு நான் ஏன் கஷ்டப்பட வேண்டும், இதைச் சரி பண்ணிக் கொடுங்கள் என்று அழுதேன். நான் செய்தது ஜெபமே இல்லை. பெற்ற தாயைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து அம்மா ஒரு தடவை கூப்பிட்டார்கள். "பாப்பா, களி ஆறுது, வந்து ரெண்டு வாயி சாப்புடு." நான் கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மணி இருக்கும். சைக்கிளில் பால் எடுத்துப் போகிறவர் வாசலில் நின்று கத்தினார். "பாப்பா, உங்கம்மா பஞ்சப்பள்ளி ரோட்டுல வுழுந்து கெடக்கறாங்க. பேச்சு மூச்சு சரியில்ல. சீக்கிரம் போ."

பஞ்சப்பள்ளி ரோட்டில்தான் விஜயாவின் ஊர், மூன்று மைல் இருக்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. விஜயாவுக்கு முந்தின பேட்ச்சிலேயே பரீட்சை முடிந்துவிட்டது என்று இரண்டு நாள் முன்னால் அம்மாவிடம் நானே சொல்லியிருந்தேன். அவளுடைய கால்குலேட்டரைக் கேட்டு வாங்கத்தான் அம்மா போயிருக்கிறார்கள். பஸ் இல்லாத நேரம். காலையெல்லாம் பாறையில் காய்ந்த உடம்போடு, சாப்பிடாமல், நடந்தே போயிருக்கிறார்கள்.

நான் செருப்பில்லாமல் ஓடினேன். ஓடிக்கொண்டே ஜெபித்தேன். மிஷின் வேண்டாம் ஆண்டவரே, பரீட்சை வேண்டாம், அம்மாவைக் குடுங்க. இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த ஒரே ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு வேன் நின்றிருந்தது. தக்காளி ஏற்றிப் போகிற வேன். வெயிலில் காய் வாடாமல் இருக்கப் பெட்டிகள் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடியிருப்பார்களே, அந்தச் சாக்குகளை டிரைவர் ஒவ்வொன்றாக உருவி அம்மாவின் மேல் போர்த்திக்கொண்டிருந்தார். அம்மாவின் உடம்பு கொதித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. "பாப்பா வையும், பாப்பா வையும்" என்று முனகினார்கள். நான் திட்டுவேனாம். அதுதான் அந்த மயக்கத்திலும் அவர்களுக்கு இருந்த பயம்.

"நம்ம மண்டி அக்கா இவங்க. எங் காய இவங்கதான் பிரிச்சுக் குடுப்பாங்க" என்றார் டிரைவர். "நீ யாரு?"

"பொண்ணுங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

அவர் பத்துப் பெட்டிகளைத் தூக்கி ரோட்டோரத்தில் வைத்தார், அம்மாவைப் படுக்க வைக்க இடம் வேண்டி. "காய் இங்க கெடந்தா யாராவது எடுத்துக்குவாங்களே" என்றேன். "கெடக்கட்டும், ஏறு" என்றார். பாலக்கோடு ஆஸ்பத்திரிக்கு வேன் பறந்தது. வழியில் ஒரு பம்பு செட்டில் நிறுத்திச் சாக்குகளை மறுபடி நனைத்துப் போட்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, "ஈரச் சாக்கு போட்டுக் கொண்டுவந்தீங்களே, அதனால பொழைச்சாங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். தக்காளி பொறுக்கறவ என்று நான் கேவலமாகச் சொன்னேன். அந்தத் தக்காளி மேல் கிடந்த சாக்கை அனுப்பித்தான் ஆண்டவர் என் அம்மாவைத் திருப்பிக் கொடுத்தார். என் ஜெபத்துக்குப் பதில் அப்படித்தான் வந்தது. எனக்கு அது அடி மாதிரி இருந்தது.

நர்ஸ் அம்மாவின் சேலையைத் தளர்த்தும்போது மடியில் ஒரு மூட்டை இருந்தது. அம்மா வெயிலில் தலையை விட்டு எடுக்காத அந்தத் துண்டு. மூன்று மடிப்பாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பிரித்தால் உள்ளே விஜயாவின் கால்குலேட்டர். விஜயா எனக்குப் பிறகு சொன்னாள். அவர்கள் வீட்டில் மோர் கொடுத்து, பஸ் வருகிற வரை இருங்கள் என்று சொன்னார்களாம். "பாப்பா கோவமா இருக்குது, நான் போவணும்" என்று அம்மா கிளம்பிவிட்டார்களாம். கிளம்பும்போது தலையில் இருந்த துண்டை எடுத்து அதில் சுற்றிக்கொண்டார்களாம். "இந்த மிஷினுக்கு வெயிலு ஆவாதும்மா, எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார்களாம்.

விடியற்காலையில் அம்மாவுக்குத் தெளிவு வந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸு போயிருச்சா?" நான் பரீட்சைக்குப் போக மாட்டேன் என்றேன். அம்மா விடவில்லை. போனேன். விஜயாவின் கால்குலேட்டரை வெளியில் எடுக்க எனக்குக் கை வரவில்லை. லாக் டேபிள் பார்த்தே எழுதினேன். பாஸும் ஆனேன். கால்குலேட்டரே தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவோடு வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கு அடியில் கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பு போய்விட்டிருந்தது. சுத்தமான ஜன்னலில் ஒரு பூஜ்யம் நின்றது. இதைத்தான் நான் இத்தனை வருஷம் அற்புதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் இப்போது சயின்ஸ் டீச்சர். எனக்குத் தெரியும். சூடேறினால் கறுக்கும், நிழலில் ஆறினால் தானாகத் தெளியும். அரை மணி நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், அம்மா அந்த ரோட்டில் நடந்தே இருக்க மாட்டார்கள்.

சபையில் நான் சாட்சி சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் கெட்டுப்போன கால்குலேட்டரையும் மயங்கி விழுந்த அம்மாவையும் ஆண்டவர் எழுப்பினார் என்று சொல்லி முடிப்பேன். நான் விட்டது எது என்று அந்தக் கூட்டத்தில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கால்குலேட்டரை அம்மா தொட்டதே இல்லை. மேஜையைத் துடைத்தால் அதைச் சுற்றித்தான் துடைப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம், இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வார்த்தை வந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்தேன். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிரும்மா என்றேன்.

அம்மா, "அந்த வேனுக்காரத் தம்பி பேர எழுதினியா?" என்று கேட்டார்கள்.

"தெரியலயேம்மா."

"எனக்குந்தான் தெரியல. அதுக்கப்பறம் அந்தத் தம்பி மண்டிக்கு வரல, எல்லாரையும் கேட்டுப் பாத்தேன். தெனமும் வேனுக்காரத் தம்பின்னு சொல்லித்தான் ஜெபம் பண்றேன். ஆண்டவருக்குத் தெரியும்." பிறகு, "அந்த மிஷினு இன்னும் ஓடுதா?" என்றார்கள்.

நான் எடுத்து வந்து அவர்கள் கையில் வைத்தேன். ஜன்னல் வழியாக வெயில் மடியில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா உடனே முந்தானையை இழுத்து அதை மூடினார்கள். "வெயிலு படுதே கண்ணு" என்றார்கள்.

அன்பானவர்களே, ஜெபத்தைக் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார். அதற்கு நான் சாட்சி. பயப்படாமல் அவரிடம் கேளுங்கள். ஆனால் முழங்கால் போடுவதற்கு முன், உங்கள் வாயால் அடிபட்டவர் யாராவது பக்கத்து அறையில் இருந்தால், கதவைத் திறந்து முதலில் அவரிடம் போங்கள். எனக்கு அந்தக் கதவைத் திறக்க இத்தனை வருஷம் ஆகிவிட்டது. ஆண்டவரும் பொறுத்தார், அம்மாவும் பொறுத்தார்கள்.