பச்சைப் பொத்தானில் தீக்குச்சி

உக்கடத்தில் பேருந்து ஏறிய ஒருவரின் சட்டையிலிருந்து மெஷின் ஆயில் வாடை வந்தது. நகர்ந்து உட்கார இடமில்லை. உங்களுக்கு அது வெறும் எண்ணெய் நாற்றம். எனக்கு, தரையில் கிடந்த விரல்கள்.

அவசரப்பட்டுவிட்டேன், முதலில் பட்டறை. போத்தனூரில் தகரக் கூரையின் கீழ் ஆறு பவர் பிரஸ்கள், மோட்டாருக்குள் வைக்கும் தகடுகளை வெட்டுபவை. ஒவ்வொரு இடிக்கும் மேசைமேல் டீ டம்ளர் துள்ளும். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சூப்பர்வைசர் ஆனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கழுத்தில் அடையாள அட்டை வேறு. பட்டறையில் கொடுத்ததல்ல, நானே அச்சடித்தது.

பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் அமுக்கினால்தான் தகடு வெட்டும் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாது. எங்கள் ஆட்கள் ஒரு பொத்தானை அமுக்கித் தீக்குச்சியைச் செருகிவிடுவார்கள். ஒரு கை அமுக்க, மறு கை தகடு தள்ளும். வேகம்! ஆயுத பூஜைக்கு அந்தக் குச்சிக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள்.

ஒரு நாள் காலையில் எல்லாக் குச்சிகளையும் பிடுங்கினேன். மூன்றாம் பிரஸ் சரசக்கா சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, பன்னெண்டு வருசமா என்ற கை எங்கீங்க போச்சு? குச்சியக் குடுங்க, பல்லுக் குத்தறதுக்காச்சும் ஆகும்."

மதியத்துக்குள் வேலை பாதியாகிவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார்.

"வெளிய லோடு வண்டி நிக்குது. படிச்ச திமிர ஊட்லயே வெச்சுப்போட்டு வாங்க!"

நான் அழவில்லை. ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஒவ்வொரு குச்சியையும் என் கையாலேயே திரும்பச் செருகினேன்.

நாலு மணிக்கு மூன்றாம் பிரஸ்ஸின் இடி மெத்தென்று கேட்டது. அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது. தரையில் மூன்று விரல்கள். தகடுகளின் மேல் ரத்தமும் எண்ணெயும் கலந்து ஓடின. துணி சுற்றி அக்காவை ஆட்டோவில் ஏற்றினோம். பக்கத்து பிரஸ்ஸில் நின்ற அவர் தம்பி சம்மட்டியால் பொத்தான் பெட்டியை அடித்து நொறுக்கினார். பிறகு முதலாளியின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"என்ற அக்கா வெரல எடுத்துக் குடுடா!"

எப்படி நடந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தரச் சொன்னார்கள். மூக்கில் ரத்தம் உறைந்திருந்த முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மாளே குச்சி வெச்சுதுன்னு எழுதிப்போடுங்க அம்மணி. உங்களுக்குத்தான் எழுத வருமே."

பேனாவை வாங்கினேன். 'குச்சி செருகியது நான். செருக வைத்தது முதலாளி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாளே என் வேலை போயிற்று.

எழுதியதை அக்காவிடம் சொன்னேன். "குச்சி வெச்சது நீங்களுங்களா?" என்றவர், கட்டுப் போட்ட கையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். முதலாளி எங்கேயோ. சரசக்கா பல்லடத்துக்குக் குடிபோய்விட்டார் என்றார்கள். எந்தத் தெரு என்று நான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.