நாற்பத்தோராவது லெவல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. 'பொறுப்பு டீச்சர்' என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். பத்தொன்பது வருஷமாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். அது ஒரு வேலை. அது போகத் தடுப்பூசிப் பட்டியலுக்குப் பொறுப்பு, நூலக அலமாரிச் சாவிக்குப் பொறுப்பு, மழை பெய்தால் எந்த வகுப்பில் எந்த மூலையில் வாளி வைப்பது என்பதற்கும் பொறுப்பு. 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. வராது என்று தெரிந்த பிறகு சும்மா விடுவார்களா? கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து அவர் தலையில் கட்டினார்கள்.

அப்படிக் கட்டியதில் ஒன்றுதான் தவளை.

முப்பத்திரண்டு டேப்லெட்டுகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே கோடிங் சொல்லித்தர வேண்டுமாம், மேலிடத்து உத்தரவு. திரையில் ஒரு குளம், குளத்தில் இலைகள், ஓர் இலையில் பச்சைத் தவளை. கீழே 'முன்னே தாவு', 'இடப்பக்கம் திரும்பு', 'மூன்று தடவை செய்' என்று வண்ண வண்ணக் கட்டைகள். விரலால் இழுத்து அவற்றை வரிசையாகக் கோர்த்தால் தவளை அந்த வரிசைப்படி போகும். வரிசை தப்பினால் 'ப்ளக்' என்று தண்ணீரில் விழுந்து, கண்ணை உருட்டிக்கொண்டு மேலே வரும். இப்படி அறுபது லெவல். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்.

இரண்டு நாள் பயிற்சி நடந்தது. மற்ற பள்ளி டீச்சர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து கண்ணசந்தார்கள். நம் பொறுப்பு டீச்சருக்கோ தவளையைப் பிடித்துப்போய்விட்டது. முதல் நாளே பதினான்கு தடவை அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, பதினைந்தாவது தடவை அது அக்கரை சேர்ந்ததும் கைதட்டிவிட்டார். ஐம்பது வயதை நெருங்குகிறவர், பயிற்சி கொடுக்க வந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்படி கைதட்டினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் அவர் செய்த காரியத்தை வேண்டாவெறுப்பாகச் செய்தார் என்று யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது. ரசித்துத்தான் செய்தார். அதுதான் பிற்பாடு அவரை அதிகமாகக் குத்தியது.

மேலிடத்தில் யாரும் தவளையைப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். இருபது லெவலுக்குக் கீழே என்றால் சிவப்பு, அப்புறம் மஞ்சள், நாற்பதை முடித்தால் பச்சை. மாசக் கடைசியில் தலைமை ஆசிரியை அந்தத் திரையைக் கொண்டுவந்து பொறுப்பு டீச்சரின் மேஜையில் வைத்தார்.

"என்ன டீச்சர் இது, உங்க கிளாஸ்ல பதினோரு சிவப்பு. பக்கத்து ஸ்கூல் முழுக்கப் பச்சையாம். மேலிடத்துல இருந்து வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"பாதிப் பிள்ளைங்க லீவுல இருந்தாங்க மேடம். மீதிப் பேருக்குக் கொஞ்சம் நேரமாகும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க பார்த்து ஏதாவது பண்ணுங்க. உங்களால முடியாததா?"

பார்த்து ஏதாவது பண்ணுங்க! இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை அலுவலகம் ஓடுகிறது தெரியுமா? சொன்னவர் எதையும் சொல்லவில்லை. செய்தவர்தான் செய்தார்.

பிள்ளைகள் டேப்லெட்டுக்குள் நுழைவதற்குக் கடவுச்சொல் கிடையாது. ஆளுக்கு மூன்று படங்களை வரிசையாகத் தொட வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு எந்தப் படம் என்ற பட்டியல் டீச்சரின் நோட்டில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையில் டிபன் டப்பா மூடியும் மறு கையில் டேப்லெட்டுமாக உட்கார்ந்தார். குடை, மீன், சாவி என்று தொட்டால் மிளகு என்ற பிள்ளை உள்ளே வந்துவிடுவாள். மிளகுக்காக முப்பத்தேழாவது லெவலை ஆறே கட்டையில் முடித்தபோது டீச்சருக்கு அப்படியொரு சந்தோஷம். இரண்டு வாரத்தில் பதினோரு கட்டமும் பச்சை. 'பிள்ளைங்க வந்து பிடிச்சுக்குவாங்க' என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். தலைமை ஆசிரியை டீயோடு கேக் வாங்கிக்கொடுத்தார்.

மிளகு என்பது வகுப்பு வைத்த பெயர். ஆள் அந்த அளவு, குணமும் அப்படித்தான். ஒரு சந்தேகம் கேட்டால் பதில் வரும்வரை கையை இறக்க மாட்டாள். அடுக்குமாடிப் படிக்கட்டில் உருண்டு கை முறிந்து, ஏழு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவள் திரும்பி வந்து டேப்லெட்டைத் திறந்ததும் தவளை ஒரு குட்டிக்கரணம் போட்டது. "சபாஷ்! நாற்பது லெவல் முடித்த கெட்டிக்காரி நீதான்! வா, நாற்பத்தொன்றுக்குப் போகலாம்!"

அவள் விட்டுப்போனது ஒன்பதாவது லெவலில்.

ப்ளக். ப்ளக். ப்ளக். அந்த வாரம் முழுக்க அவள் பெஞ்சிலிருந்து அதே சத்தம்தான். நாற்பத்தொன்றில் 'இலை காய்ந்திருந்தால்' என்று ஒரு புதுக் கட்டை வரும். முந்தின முப்பத்தொன்றையும் தாண்டாதவளுக்கு அது எங்கே புரியும்? டீச்சர் பார்த்தார். பார்த்துவிட்டு, "முயற்சி பண்ணும்மா, வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். 'முதலிலிருந்து' என்று டீச்சரின் திரையில் ஒரு பொத்தான் இருக்கத்தான் செய்தது. அமுக்கினால் மிளகு ஒன்றாவது லெவலுக்குப் போய்விடுவாள், பச்சை சிவப்பாகிவிடும். விரல் அங்கே வரை போய்ப் போய்த் திரும்பியது.

அடுத்த வாரம் ப்ளக் சத்தமும் நின்றது. என்ன செய்கிறாள் என்று டீச்சர் பின்னால் போய் நின்றார். மிளகு பழைய லெவல்களைத் திறந்து, அதில் கோர்த்திருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தேழாவது. அந்த ஆறு கட்டை.

"என்னடா பண்றே?"

"நான் எப்படிப் போட்டேன்னு பார்க்கிறேன் டீச்சர்."

டீச்சர் அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெல் அடித்தது என்று சாக்கு வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இதற்கு மேல் இந்த இடத்தில் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் மிளகின் அம்மா கேட்டருகே காத்துக்கொண்டிருந்தார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கடையில் மறுநாளைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே வந்திருந்தார். மிளகு சற்றுத் தள்ளி, பையைத் தரையில் வைத்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு விஷயம் கேட்கணும். கிளாஸ்ல இவ சரியா இருக்காளா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கா?"

"இல்ல டீச்சர். மறந்து போகுதுன்னு அழறா. 'நாற்பது லெவல் நானே போட்டிருக்கேன்மா, இப்ப ஒண்ணுகூட ஞாபகம் இல்ல'ன்னு சொல்றா. படியில விழுந்தப்ப கையை மட்டும்தான் பார்த்தோம், தலையைப் பார்க்கல." குரலை இறக்கினார். "தினம் காலையில எந்திரிச்சதும் வீட்டு நம்பர், என் போன் நம்பர், அவங்கப்பா பேரு எல்லாத்தையும் சொல்லிப் பார்க்கிறா. அதெல்லாம் மறக்கலியேன்னு பார்க்கிறாளாம். எட்டு வயசுப் பிள்ளை டீச்சர். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நாளைக்குக் குழந்தைங்க கிளினிக்ல டோக்கன் வாங்கியிருக்கேன். தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வாங்களோ என்னவோ."

பொறுப்பு டீச்சர் வாயைத் திறந்தார். தொண்டைவரை வந்துவிட்டது. கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த தலைமை ஆசிரியை இவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். வந்ததை அப்படியே மென்று விழுங்கிவிட்டு டீச்சர் சொன்னார்: "காட்டிடுங்க. காட்டிடுறது நல்லதுதான்."

இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஒருத்தரால் சாப்பிட முடியுமா? தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச ஆரம்பித்தால் லிஃப்ட்டைத் தவிர வேறு எதுவும் வராது. அன்றைக்கும் எதிரில் உட்கார்ந்து, தான் போன கட்டடத்தின் கதையை அளந்துகொண்டிருந்தார்.

"பெட்டி கீழ நிக்குது. போர்டுல அஞ்சாவது மாடின்னு காட்டுது. அங்க கதவும் திறந்துக்குது. ஒருத்தர் காலை வச்சிட்டாரு. நல்லவேளை, பின்னாடி நின்னவர் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. நானும் தலைப்பாடா அடிச்சுக்கிறேன், லிஃப்ட் நின்னு போனாக்கூடப் பரவாயில்ல, போர்டு தப்பாக் காட்டக் கூடாதுன்னு. என்ன, சாப்பிடலியா நீ?"

"நாளைக்கு அரை நாள் லீவு போடறேங்க," என்றார் டீச்சர்.

"உடம்பு சரியில்லியா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

மறுநாள் காலை அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் நாற்காலி வரிசை நிரம்பியிருந்தது. மிளகும் அம்மாவும் மீன்தொட்டி பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் டோக்கன் பன்னிரண்டு. உள்ளே எட்டாவது போயிருந்தது. பொறுப்பு டீச்சரைப் பார்த்ததும் அம்மா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். டீச்சருக்கே மனசு கேட்கவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது.

டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே, மிளகைப் பார்த்து, "அந்த லெவலெல்லாம் நீ போடலம்மா. நான் போட்டேன்," என்றார்.

மிளகின் அம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன டீச்சர்?"

"ஒன்பதுவரைக்கும்தான் இவ போட்டது. பத்திலேர்ந்து நாற்பதுவரைக்கும் நான்தான் போட்டேன், இவ பேர்ல. மேல இருந்து பார்க்கிறவங்களுக்குப் பச்சை காட்டணும்னு. இவளுக்கு எதுவும் மறக்கல. மறக்கிறதுக்கு இவளுக்கு அது தெரியவே தெரியாது." பையிலிருந்து தன் டேப்லெட்டை எடுத்து அவர்கள் முன்னாலேயே அந்த 'முதலிலிருந்து' பொத்தானை அமுக்கினார். தவளை ஒன்றாவது இலைக்குப் போய் உட்கார்ந்தது. "நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது."

மிளகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்குத் தலையில ஒண்ணும் இல்லியா டீச்சர்?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

பிள்ளை கோபப்படவில்லை. டீச்சர் அதற்குத்தான் தயாராக வந்திருந்தார். அவளோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, தரைக்கு எட்டாத காலை ஆட்ட ஆரம்பித்தாள். மூன்று வாரமாக அந்தப் பிள்ளை காலை ஆட்டி டீச்சர் பார்க்கவில்லை. இப்போதுதான் அது உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

அம்மா சத்தம் போடாமல்தான் பேசினார். "மூணு வாரமா நானும் இவளும் தூங்கல டீச்சர். நேத்து உங்ககிட்ட வந்து கேட்டேன். காட்டிடுங்கன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அதைத்தான் என்னால தாங்க முடியல."

எழுந்து போய்விடுவார், டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அம்மா அசையவில்லை. பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிட்டதும் மகளின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேனேம்மா," என்றார் டீச்சர்.

"நீங்க சொன்னீங்க. டாக்டரும் சொல்லட்டும். இனிமே உங்க வார்த்தையை மட்டும் நம்பிக்கிட்டு என்னால வீட்டுக்குப் போக முடியாது."

கதவுவரை போன மிளகு அம்மாவின் கையை உருவிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

"டீச்சர், எனக்கு மட்டும்தான் போட்டீங்களா?"

"இல்லம்மா. இன்னும் பத்துப் பேருக்குப் போட்டேன்."

"அவங்ககிட்டயும் சொல்லிடுங்க டீச்சர். பயந்துட்டு இருப்பாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. மற்ற பத்துப் பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், சிரித்துக்கொண்டுதான் திரிகிறார்கள் என்று இத்தனை நாளும் டீச்சர் நினைத்திருந்தார். அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை எடுத்து, பட்டியலில் ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது பேரில் விரல் நின்றது. டேப்லெட் பாட வேளை வந்தாலே வயிறு வலிக்கிறது என்று எழுந்து போகிற பையன். நடிக்கிறான் என்று போன வாரம்தான் அவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்.