ஒன்றும் விளங்காது என்று சொன்னேன்

எழுபதுகளில் நடந்தது இது. நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்துகொண்டிருந்த என் கணவர் பாரிசவாதம் வந்து விழுந்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. எதைக் கேட்டாலும் "அ... அ..." என்பார். புத்தியும் போய்விட்டதென்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஏழு மாதம் அவரைக் கழுவித் துடைத்துக் களைத்துப்போயிருந்தேன். ஒருநாள் பார்க்க வந்த அக்காவிடம், அவருடைய கட்டிலருகே நின்றே வெடித்தேன்.

"விழுந்த அண்டைக்கே போய்ச் சேர்ந்திருந்தா எனக்கு நிம்மதி, அக்கா."

"மெல்லக் கதை. அவருக்குக் கேக்கப் போகுது."

"கேட்டாலென்ன? அவருக்கு ஒண்டும் விளங்காது."

அடுத்த மாதம், கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரை ரயிலில் கூட்டிப்போனேன். அங்கே பயிற்சி கொடுத்த தமிழ்ப் பெண் மேசையில் சில பொருட்களைப் பரப்பினாள்.

"ஐயா, கரண்டியைத் தொட்டுப்போட்டு, சீப்பை என்னட்டைத் தாங்கோ."

இடது கையால் பிழையில்லாமல் செய்தார். அடுத்தடுத்துக் கேட்டதையும் செய்தார்.

"அம்மா, இவருக்கு எல்லாம் விளங்குது. சொல்லுத்தான் வாயிலை வரேல்லை."

"இப்பத்தானே விளங்கத் தொடங்கினது?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா, முந்தியே விளங்கியிருக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

பயிற்சியால் இருபது முப்பது சொற்கள் திரும்பி வந்தன. தண்ணீர் கேட்பார், என் பெயரைச் சொல்வார். பிறகு ஆறு வருடம் இருந்தார். அக்காவிடம் நான் அன்று சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாரா, சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லையா, தெரியாது. மன்னிப்புக் கேட்டால் பதிலுக்கு அவர் வாயில் என்ன வருமோ என்று பயந்து, நான் கடைசிவரை கேட்கவேயில்லை.