ஓ ஊசி

நெல்லித்தோப்பில் ஊசி போடாத டாக்டரை யாரும் டாக்டராகவே மதிப்பதில்லை. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "இவ்ளோதானா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். லூர்துநாதன் டாக்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நோய் ஒன்றுமில்லாமல் ஊசிக்காகவே வந்து நிற்பவர்களைக் கண்டால், நர்ஸ் அந்தோணிமேரியைப் பார்த்து, "ஓ போடும்மா" என்பார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அது; பிரெஞ்சில் ஓ என்றால் தண்ணீர். மருந்துப் பொடியைக் கரைக்க வரும் சுத்தமான தண்ணீரைத்தான் மேரி ஊசியில் ஏற்றிப் போடுவாள். ஜனங்கள் அதை ஏதோ உயர்ந்த மருந்து என்று நினைத்து, "ஓ ஊசி" என்று பேர் சொல்லியே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்களில் முதல் ஆள் சின்னப்பாப்பா, மில்லில் உழைத்து ஓய்ந்தவள். கைகால் குடைச்சல், தூக்கமின்மை, மருமகளோடு சண்டை, எல்லாவற்றுக்கும் ஓ ஊசிதான், பதினோரு வருஷமாக. போட்டுக்கொண்டு எழும்போதே முகம் தெளிந்துவிடும். "ஒங் கை ராசி மேரி" என்பாள். மேரிக்கும் அதைக் கேட்கப் பிடிக்கும். நம்பினார் கெடுவதில்லை என்று சொல்லி வைத்தவர்கள், நம்ப வைத்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரம், சின்னப்பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. நெஞ்சை அடைக்கிறது, இடது கை மரத்துப் போகிறது என்றாள். இருபத்து மூன்று வருஷ நர்ஸுக்கு அது என்னவென்று தெரியாதா?

"அக்கா, பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பு. ஆட்டோவ கூப்புடறேன்."

"அங்க போன எங்கூட்டுக்காரு பொணமாத்தான் வந்தாரு. நான் போவமாட்டேன். ஒரு ஓ ஊசி போடு, சரியாப்பூடும்." கையை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னால் இத்தனை வருஷ நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவாள்.

"அக்கா, அது மருந்தில்ல. வெறுந் தண்ணி."

சின்னப்பாப்பா சிரித்தாள். "என்னை அனுப்பறதுக்குப் பொய் சொல்ற."

மேரி ஓ ஊசிக்கு எடுக்கும் பிளாஸ்டிக் குப்பி ஒன்றின் தலையைத் திருகி, வாயில் கவிழ்த்து விழுங்கினாள். "ஊசி மருந்த யாராவது குடிப்பாங்களா? மாதா மேல சத்தியமா தண்ணிக்கா."

சிரிப்பு நின்றது. "பதினோரு வருசமா?"

"ஆமாக்கா."

"நோவுன்னு வந்தவளுக்குத் தண்ணிய ஏத்தி அனுப்பிச்சியா? இனிமே இங்க ஒக்காந்தா நான் மனுசியில்ல."

எழுந்து நடந்தாள். வாசலிலேயே கால் மடங்கியது. மேரி தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் சின்னப்பாப்பா அவள் கையை உதறிக்கொண்டே வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் நர்ஸ் ஊசியோடு வந்தபோது, சின்னப்பாப்பா கையை மார்போடு இழுத்துக்கொண்டாள். "இது தண்ணியா?"

"மருந்தும்மா. ரத்தக்கட்டு கரையறதுக்கு."

"மருந்துதாங்க்கா," என்று மேரி கெஞ்சினாள். "நான் பேரப் படிச்சிப் பாத்துட்டேன். போட்டுக்க."

அவ்வளவுதான், கொஞ்சம் தளர்ந்திருந்த கை மறுபடியும் இறுகியது. "நேரமில்ல, சீக்கிரம்!" என்று அங்கிருந்த டாக்டர் சத்தம் போட்டார். தான் வாயைத் திறக்கத் திறக்க அந்தக் கை இறுகத்தான் போகிறது என்பது மேரிக்குப் புரிந்தது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

உள்ளிருந்து சின்னப்பாப்பாவின் குரல் கேட்டது. "அவ போயிட்டாளா? இப்பப் போடு பாப்பா."