புதுச்சேரியில் மாலை போட்டுக்கொண்டிருந்த ஒற்றைக்கைப் பிரபு

சேலத்தில் நான் வளர்ந்த தெருவுக்கு எலம்பரித் தெரு என்று பெயர். ஹெல்ம்பரி பிரபு என்ற இங்கிலீஷ்காரரின் பெயர்தான் அப்படித் தேய்ந்தது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. அந்த மனுஷன் எங்கே பிறந்தார், என்ன சாதித்தார் என்று பத்து வருடமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். வீட்டில் இதற்குக் கிடைக்கும் மரியாதையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போன ஜூனில், புதுச்சேரியில் தங்க இடம் தேடிப் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு ஹோம்ஸ்டேயின் ஹால் படத்தில், சுவரில் ஒரு வெள்ளைக்காரர் தொங்கினார். வலது சட்டைக் கை காலியாக மடித்துக் குத்தியிருந்தது. அட, நம்ம ஆள்! பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, என் புத்தகத்தில் இருக்கும் அதே ஓவியத்தின் அச்சு. உடனே இரண்டு இரவுக்கு அறை போட்டேன், ஒரு இரவுக்கு 1,800 ரூபாய்.

ஜூலை 12, காலை ஆறு மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். விழுப்புரம் வழி, ஏறக்குறைய 210 கிலோமீட்டர், டிக்கெட் 230. பதினொன்றே முக்காலுக்குப் புதுச்சேரி. ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்று இருபதுக்கு இறங்கி வந்தார்.

வீட்டுக்காரர் ரெஜினா அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். உள்ளே நுழைந்ததும் நான் பையைக்கூட இறக்காமல் படத்தின் முன்னால் போய் நின்றேன். பிரபுவுக்குப் புதிதாக மல்லிகை மாலை. சட்டத்தின் மூலையில் நீலம், வெள்ளை, சிவப்பில் பிரெஞ்சு ரிப்பன்!

"எங்கப்பா வாங்கினாந்தது. கவர்னரு. போர்ல கைய எழந்தவரு," என்றார் அக்கா பெருமையாக.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஒரு பழைய பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டபோது இந்தப் படத்தை எடுத்திருக்கிறார். புதுச்சேரியில் மீசை வைத்த வெள்ளைக்காரர் படம் என்றால் அது பிரெஞ்சு கவர்னர்தானே, வேறு யாராக இருக்கும்? நாற்பது வருடமாக ஒவ்வொரு ஜூலை 14, பிரான்சின் தேசிய நாள் அன்றும் ரிப்பன் கட்டி, மாலை போட்டு, சல்யூட் அடித்திருக்கிறார். போன வருடம் இறந்துவிட்டார். இந்த வருடம் பழைய சிப்பாய்களின் விழாவுக்குப் படத்தை எடுத்து வந்து அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பிரபு கையை இழந்தது போரில் இல்லை, நரி வேட்டையில் குதிரை தள்ளிவிட்டு!

மறுநாள் காலை, சொல்லத் தைரியமில்லாமல் நோணாங்குப்பத்துக்கு ஓடினேன். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர், கடலூர் பஸ்ஸில் பத்து ரூபாய். படகுக்கு 350 கொடுத்து அக்கரைக் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். அலையைப் பார்த்தாலும் மனம் ஆறவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பினால், அக்கா பேச்சு எழுதிய தாளோடு காத்திருந்தார். "தமிழ் சரியா இருக்குதான்னு பாத்து சொல்லுங்க தம்பி." முதல் வரியே, 'என் தந்தை ஒரு வீரரின் படத்தைக் காத்தார்'. இனிமேலும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை. போனில் இருந்த ஓவியத்தை எடுத்துக் காட்டி, இவர் கவர்னர் இல்லை, இங்கிலீஷ்காரர், கை போனதும் வேட்டையில்தான் என்றேன்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப எங்கப்பா பொய் சொன்னாருன்றீங்களா?"

"ஐயோ, இல்லக்கா. அவர்கிட்ட சொன்னவங்க சொன்னத நம்புனாரு."

போனைக் கையில் வாங்கி ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "சரி, இந்தாளு என்னாதான் பண்ணாரு?" என்றார்.

சொன்னேன். பரம்பரைப் பிரபு வீட்டுப் பிள்ளை. இருபத்து மூன்று வயதில் பாராளுமன்றம். பிறகு சென்னை ராஜதானியில் வரி வசூலைப் பார்க்கும் பெரிய பதவி. அங்கேதான் தறிகள் மேல் வரியை ஏற்றினார். எங்கள் தெரு நெசவாளர்கள் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போனார்கள். லண்டனுக்குத் திரும்பி மந்திரியானார். ஒரு நாள் பிரபுக்கள் சபையில் எழுந்து, அந்த வரி தான் செய்த தவறு, எடுத்துவிடுங்கள் என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே கத்தினார்கள். பதவி போனது, அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை. ஆனால் வரி போயிற்று. திரும்பி வந்த நெசவாளர்கள்தான் தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கினு போவாம இருந்துடலாம். ஆனா நெட்ல நீங்க பாத்தீங்க, நாளைக்கி இன்னொருத்தன் பாப்பான். கிண்டல் பண்ணுவான். எங்கப்பா பேரு என்னாவறது?" பேச்சுத் தாளை நாலாக மடித்துக் குப்பையில் போட்டார். "நானே சொல்லிட்றேன்."

14ஆம் தேதி பதினோரு மணிக்கு விழா. படத்தின் ஒரு முனையை நான் தூக்கிக்கொண்டு போனேன். நெஞ்சில் மெடல் குத்திய பெரியவர்கள் நாற்பது பேர். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"இவரு கவர்னரு இல்ல. பிரெஞ்சுக்காரரே இல்ல, இங்கிலீஷ்காரரு. எங்கப்பா தெரியாம மாலை போட்டாரு. தப்புதான். ஆனா இவரும் தான் செஞ்ச தப்ப எல்லாருக்கும் முன்னாடி ஒத்துக்கினவரு. அதனால எனக்கு வெக்கம் இல்ல."

முதல் வரிசையில் ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"ஏம்மா ரெஜினா, நானும் அதே ஏலத்துலதான் ஒரு படம் எடுத்தேன். அப்போ எங்க வூட்ல இருக்கறவன் யாரு?"

பின்னால் இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன. முதலில் சிரித்தது அக்காதான். பிறகு ஹாலே அதிர்ந்தது. சிரித்து முடித்ததும் அந்தப் பெரியவர் படத்துக்கு முன்னால் வந்து, அக்காவின் அப்பா பெயரைச் சொல்லி ஒரு சல்யூட் வைத்தார். அக்கா அழுதுவிட்டார். நானும்தான், அதில் என்ன வெட்கம்.

ஒரு பெயரைத் துரத்திக்கொண்டு போனேன். அவர் பதவியில் என்ன செய்தார் என்பதைவிட, பதவி போகும் என்று தெரிந்தும் என்ன செய்தார் என்பதுதான் இப்போது பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் போவதாக இருந்தால்: ஜூலை 14ஐ ஒட்டி அறை கிடைப்பது கஷ்டம், மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். 13ஆம் தேதி மாலை விளக்கு ஊர்வலத்தைத் தவறவிடாதீர்கள். படகுக்குக் காலை பத்துக்கு முன் போனால் வரிசை குறைவு. நான் சொன்ன விலைகள் ஏறியிருக்கலாம்.

போன வாரம் ரெஜினா அக்காவுக்குப் போன் செய்தேன். லண்டனில் இந்த மாதிரி பழைய அச்சுப் படத்துக்கு நல்ல விலை உண்டு, விற்கிறீர்களா என்று கேட்டேன்.

"விக்கிறதா? நல்லா கேட்டீங்க போங்க! ரூம்ல தங்க வர்றவங்க எல்லாம் இப்ப யாருன்னு கேக்கறாங்க தம்பி."

"என்ன சொல்றீங்க?"

"எங்கப்பாவோட இங்கிலீஷ்காரருன்னு சொல்றேன்."